செத்துப் பிழைத்த உத்தியோகம்

பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் மலாக்கா புக்கிட் பாருவில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய கல்லூரியில் ஒரு புது முறை வந்திருக்கிறதாம். ஆள் பிடித்து நோயாளி மாதிரி நடிக்கச் சொல்வார்களாம். மாணவர்கள் அந்த ஆளிடம் கேள்வி கேட்டு, அவருக்கு எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். வெளிநாட்டில் யோசித்துச் செய்த முறை என்றார்கள். பிறகு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, நான் அந்தக் காலத்தில் பல் கிளினிக்கில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார்கள். "இதே வேலைதான்" என்றேன். யாரும் நம்பவில்லை. ஒரு பெண் மட்டும் வயதானவர் மனம் நோகக் கூடாதென்று சிரித்தாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். வாத்தியார் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றலாகிக் கொண்டேன். அதன் பிறகு மரம் வெட்டினேன், ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன், சிங்கப்பூரில் மூட்டை தூக்கினேன். ஒரு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றினேன். அங்கே எனக்குக் கிடைத்ததெல்லாம் முதல் காட்சியிலேயே சாகிற வேஷம். சாவதற்கு முன் நீளமாக ஒரு வசனம் இருக்கும், அதுதான் ஆறுதல். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடக் கொண்டு போனார்கள். என்னோடு லாரியில் ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. நான் திரும்பினேன், என் பற்களில் நாலு திரும்பவில்லை. மிச்சமிருந்ததும் ஆட ஆரம்பித்த பிறகுதான், காஜா பெராங்கில் ஒரு பழைய பங்களாவில் நடந்த பல் கிளினிக்கைத் தேடிப் போனேன்.

அங்கே டாக்டர் இராசநாயகம் என்று ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் பொறுப்பில் இருந்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால், உமக்கு முன்பு என்ன வருத்தமெல்லாம் வந்தது என்று கேட்டார். வருத்தம் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் நோய். இவ்வளவு மரியாதையாக என்னை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சயாமில் வந்த காய்ச்சலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் வாசல் வரை வந்து நின்று கேட்டார்கள். அவர் குறுக்கே பேசவில்லை. பல்லைப் பிடுங்கினார், பஞ்சை வைத்தார், நாளைக்கும் வாரும் என்றார். இன்னொரு பல்லுக்காக்கும் என்று போனேன். வேலைக்காம்.

பெருக்குவது, சாமான்களைக் கொதிநீரில் போடுவது, பேர் கூப்பிடுவது, பயந்தவர்களின் தலையைப் பிடித்துக்கொள்வது: இவைதான் என் வேலை என்று காகிதத்தில் இருந்தது. காகிதத்தில் இல்லாத வேலை ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பல் வைத்தியம் படிக்கிறவர்கள் சில மாதம் பழகுவதற்காக எங்களிடம் வருவார்கள். அவர்களுக்காக நான் நாற்காலியில் உட்கார்ந்து சாக வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன் டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெலிந்த உருவம். வெள்ளைக் கோட்டு, பக்கத்தில் வந்தால் கிராம்பு எண்ணெய் வாசம். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தியிருந்தால் எல்லாரும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம். அவர் கை கழுவுவதைப் பார்த்தாலே நோயாளிக்கு முதலில் தைரியம் வரும், பிறகு போய்விடும். அவ்வளவு நேரம் கழுவுவார். எந்தக் காரியம் ஆனாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "முடிஞ்சுதோ?" நான் தரையைப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தால் "முடிஞ்சுதோ?" என்பார். உடனே எனக்குத் தரையில் ஒரு பஞ்சுத் துண்டு தெரியும். முடிந்தது என்று அவரிடம் துணிந்து சொன்னவர்கள் குறைவு.

மருந்துச் சீட்டுப் புத்தகம் எப்போதும் அவருடைய கோட்டுப் பையில் இருக்கும். மாணவர்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. அவர்கள் பழைய தாளில் எழுதிக் காட்ட வேண்டும். நோயாளியின் பெயர் முழுதாக, வயது, உடம்பின் எடை. மருந்தின் பெயரைச் சுருக்கக் கூடாது. எவ்வளவு, எத்தனை தடவை, எத்தனை நாள் என்பது வேண்டும். எப்போது நிறுத்துவது என்று எழுதாத சீட்டை நாலாக மடித்து எழுதியவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுவார். நிறுத்தச் சொல்லாவிட்டால் நம் ஆட்கள் நிறுத்தமாட்டார்கள், அல்லது முதல் நாளே நிறுத்திவிடுவார்கள் என்பார். ஒருமுறை ஒரு மாணவர் "சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்று எழுதிவிட்டார். அன்றைக்கு நான் ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பிடுகிறவனாக நடிக்க வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. நாள் முழுக்க ஒரு மாத்திரை மட்டும் சாப்பிட்டு, காய்ச்சல் ஏறி, டாக்டர் கையைக் காட்டியதும் செத்துப்போனேன்.

முறை இதுதான். காலையில் பின்கட்டு அறையில் டாக்டர் எனக்கு அன்றைய வியாதியைக் கொடுப்பார். "இண்டைக்கு உமக்கு இருதய வருத்தம். சின்ன வயசிலை மூட்டு வீங்கிக் கிடந்தனீர். கேட்டால் சொல்லும். கேட்காட்டில் சொல்லக் கூடாது." முதல் நாளே நான் ஒரு சந்தேகம் கேட்டேன்: பொய் சொல்லலாமா? கூடாது என்றார். நோயாளி பொய் சொல்வதில்லை, கேட்டதற்குத்தான் பதில் சொல்வான், அதுதான் ஆபத்து என்றார்.

மாணவர் வந்து கேட்பார். மறைந்திருக்கும் வியாதியைக் கண்டுபிடிக்காமல் மருந்தை எழுதினால், டாக்டர் "முடிஞ்சுதோ?" என்று கேட்பார். மாணவர் முடிந்தது என்றால் டாக்டர் விரலைத் தூக்குவார். நான் சாக வேண்டும். முதல் தடவை பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவனாகச் செத்தபோது, நாடகக் கம்பெனிப் பழக்கத்தில், "ஐயோ, என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்" என்று ஆரம்பித்து, நெஞ்சில் கை வைத்து, நாற்காலியிலிருந்து சரிந்து, கீழே இருந்த எச்சில் கிண்ணத்தையும் உருட்டிவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குப்புசாமி, பென்சிலினிலை சாகிறவன் வசனம் பேசமாட்டான். மூச்சு வராது. பேசாமல் சாகும்."

அதன் பிறகு பேசாமல்தான் செத்தேன். சுவாரசியம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் மாணவர்கள் அந்தப் பேசாத சாவைப் பார்த்துத்தான் பயந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அது மெர்டேக்கா வந்த புதிது. ஊரில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சு. ஒரு மாணவர், மருந்துச் சீட்டில் இந்த லத்தீன் எழுத்துகளை இனியும் எழுத வேண்டுமா, நமக்குத்தான் சுதந்திரம் கிடைத்துவிட்டதே என்று கேட்டார். அந்தச் சேதி இன்னும் பென்சிலினுக்குத் தெரியாது என்றார் டாக்டர். அந்த வருடம் அவர் செய்த ஒரே அரசியல் பேச்சு அதுதான்.

அப்போதுதான் பஷீர் வந்தார்.

பஷீர் மலாக்கா ஊர்ப் பிள்ளை. அவருடைய தகப்பனார் நூருதீன் ராவுத்தர், ஜாலான் துக்காங் எமாஸுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். பஷீர் படிப்பில் குறை சொல்ல முடியாது. எந்த மருந்து எத்தனை கிரெயின், குழந்தைக்கு எவ்வளவு, கர்ப்பிணிக்கு எது ஆகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியிருந்தார். காரணம், அவருக்குக் கேள்வி கேட்க வராது. வயதில் பெரியவர்களிடம் உங்களுக்கு என்ன நோய், வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்று வளர்த்த குடும்பம். என்னிடம் கேட்கும்போதே, "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். தப்பாக நினைக்கமாட்டேன் என்பதற்குள் டாக்டர் விரல் மேலே போய்விடும். ஒரே வாரத்தில் பஷீர் கையால் நான் செத்த கணக்கை நானே விட்டுவிட்டேன்.

ராவுத்தர் ஒரு முடிவோடு இருந்தார். இந்தத் தடவை டாக்டர் இராசநாயகம் தேர்ச்சி என்று சொல்லாவிட்டால் படிப்பு போதும், பையன் கடைக்கு வந்துவிட வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் மகனுக்காக ஒரு புது முக்காலி கூட வாங்கிப் போட்டுவிட்டார். பஷீர் அந்த முக்காலியைப் பற்றி என்னிடம் சொன்னபோது, அதைத் தூக்குமேடை மாதிரி சொன்னார். டாக்டரின் வழக்கம், கடைசியில் மூன்று நிஜ நோயாளிகளை மாணவரிடம் விடுவது. மூவரிடமும் ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக மருந்து சொன்னால் தேர்ச்சி. பஷீர் விஷயத்தில், ஒருவரிடமாவது செய்யட்டும் பார்க்கிறேன் என்று இறங்கி வந்தார். அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

முதல் நோயாளி ஒரு தோட்டத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். புருஷனும் மாமியாரும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பஷீர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல யாராச்சும் உங்களுக்கு மருந்து கொடுத்தாங்களா?"

வீட்டில் மருந்து கொடுப்பது என்றால் நம் ஜனங்களிடம் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சோற்றில் எதையோ கலந்து ஆளை மயக்கி வைப்பது. பல் வைத்தியப் புத்தகத்தில் அது இல்லை. அந்தப் பெண் அசையாமல் பஷீரைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரு, உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிச்சு?"

பஷீருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். கல்யாணமான மறு மாதத்திலிருந்து தனக்குத் தலை சுற்றுகிறதாம், புருஷன் அம்மா பேச்சைத் தாண்டுவதில்லையாம், மாமியார் வைக்கிற ரசத்தில் ஒரு கசப்பாம். தாழ்த்திய குரல் தாழ்ந்தே இருக்கவில்லை. மாமியார் உள்ளே வந்துவிட்டார். நிலைமையைச் சரிசெய்ய நினைத்து பஷீர், "அது இல்லங்க, நீங்க மருந்து குடிச்சீங்களான்னுதான் கேட்டேன்" என்றார். தோட்டத்தில் மருந்து குடிப்பது என்றால் புல்லுக்கு அடிக்கிற விஷத்தைக் குடிப்பது. "எங்க வீட்டுல எவ மருந்து குடிச்சா? மானம் போற மாதிரி பேசுறானே இந்தப் புள்ள" என்று மாமியார் பஷீர் பக்கம் திரும்பினார். புருஷன் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பஷீரைப் பார்த்து, "முடிஞ்சுதோ?" என்றார். அந்தச் சண்டைக்கு நடுவிலேயே பல்லைப் பிடுங்கினார். வாயில் பஞ்சோடும் அந்தப் பெண் பேசிக்கொண்டேதான் போனாள். ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் மாமியாருக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு பஷீருக்கு மருந்து என்ற சொல்லே தொண்டையில் சிக்கியது. இரண்டாவது நோயாளி வந்தபோது பெயரையும் வயதையும் கேட்டுவிட்டு நின்றுவிட்டார். நோயாளிதான் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

அந்த வாரக் கடைசியில் புகையிலை வாங்க ராவுத்தர் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், அந்த முக்காலியில், பஷீர். அப்பாவுக்கு உதவிக்காக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. கிளினிக்கில் வாய் திறக்காத பிள்ளை இங்கே பொரி பொரிகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். ஒரு கை பொட்டலம் கட்டுகிறது, மறு கை தராசில். தமிழ்க்காரர்களிடம் "வேற? வேற?" என்கிறார். மலாய்க்காரர்களிடம் அதையே "லாகி? லாகி?" என்கிறார். இரண்டையும் ஒரே ராகத்தில், கடைசி எழுத்தைச் சற்றுத் தூக்கி. அவருடைய அப்பாவும் அதே ராகம்தான். அந்த ராகத்துக்கு முன்னால் யாராலும் ஒரு சாமானோடு நிறுத்த முடியாது. புகையிலை வாங்கப் போன நான் மிளகும் வெந்தயமும் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குச் சமைக்கவே தெரியாது. வெந்தயத்தை என்ன செய்வது என்று யோசித்தேனே தவிர, வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது நோயாளி மாக் பாக்கியம். கிளினிக்குக்குப் பின்னால், சிட்டி ஜனங்களின் கம்போங்கில், அதாவது குடியிருப்பில், இருந்தவர். அந்த ஜனங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயிலும் சாமியும் பெயரும் நம்முடையவை, பேச்சு மலாய். மாக் என்றால் அம்மா. அவர் குவே, அதாவது பலகாரம், செய்து விற்பவர். மாவும் சீனியும் ராவுத்தர் கடையில்தான் வாங்குவார். அன்றைக்குக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடி வந்திருந்தார். பல்லுக்கு அடியில் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுக்க வேண்டும், பென்சிலின் ஊசியும் போட வேண்டும். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, தட்டில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் மாக் பாக்கியத்தின் தலையைப் பிடித்திருந்தேன்.

வீங்கிய முகத்தில் ஆளை அடையாளம் தெரியாமல், பஷீர் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு மிக மரியாதையான தமிழில் ஆரம்பித்தார். அந்த அம்மாள் வானொலிப் பெட்டியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். பிறகுதான் பஷீருக்கு விளங்கியது, மலாய்க்கு மாறினார். ஏதாவது ஊபாட், அதாவது மருந்து, சாப்பிடுகிறீர்களா? "தடா," இல்லை என்றார். ஏதாவது ஊபாட் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? "தடா."

அவ்வளவுதான். கேட்க வேண்டிய இரண்டையும் கேட்டாயிற்று. பதிலும் வந்துவிட்டது. பின்னாலிருந்து தட்டு அசையும் சத்தம் கேட்டது. இனி டாக்டர் "முடிஞ்சுதோ?" என்பார், பஷீர் முடிந்தது என்பார், ஊசி போடுவார்கள், தேர்ச்சி என்று நான் கணக்குப் போட்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பஷீர் முகம் வெளுத்திருந்தது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கல்லா மேஜையின் விளிம்பைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார் என்று இப்போது நினைக்கிறேன். வாயிலிருந்து தன்னால் வந்துவிட்டது.

"லாகி?"

அதே ராகம். கடைசி எழுத்தில் அதே தூக்கல். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார். ஆனால் மாக் பாக்கியம் திடுக்கிடவில்லை. எத்தனையோ வருடமாக அந்த ராகத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவர். மடியில் கிடந்த கை தானாக எழுந்து ஒரு விரலை மடக்கியது. தலைவலிக்குத் தைலம் தேய்ப்பாராம்.

"லாகி?"

இரண்டாவது விரல். பிள்ளை பெற்ற பிறகு கிளேபாங்கில் ஒரு மருத்துவச்சி வேர் போட்டுக் காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்.

"லாகி?"

மூன்றாவது விரலை மடக்கும்போது சற்று யோசித்தார். போன வருடம் காலில் கட்டி வந்து ஒரு சூசோக் போட்டார்கள். சூசோக் என்றால் குத்து, ஊசி. போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் உதடு வீங்கிவிட்டதாம், கண் மூடிக்கொண்டதாம், மூச்சு உள்ளே போகவில்லையாம். புருஷன் தூக்கிக்கொண்டு ஓடினாராம். சீனி விலை ஏறிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

இந்தச் சாவைத்தான் நான் அந்த நாற்காலியில் எத்தனையோ தடவை செத்துக் காட்டியிருந்தேன்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பஷீர் கேட்டார். ஊபாட் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்றுதானே கேட்டேன் என்றார். அந்த அம்மாளுக்கு மனம் நொந்துவிட்டது. கேட்டதற்குச் சரியாகத்தானே பதில் சொன்னார்.

"இத்து புக்கான் ஊபாட்," என்றார். "இத்து சூசோக்."

அது மருந்து இல்லையே, அது ஊசி.

டாக்டர் கழுவு தொட்டிக்குப் போய் ஊசியிலிருந்த மருந்தைப் பீய்ச்சிக் கொட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மாட்டாமல் மறுபடியும் துடைத்தார். பிறகு பஷீர் முன்னால் வந்து நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"இல்ல சார்," என்றார் பஷீர். "இன்னும் கேக்கணும்."

"அப்ப கேளும்."

பென்சிலினுக்குப் பதிலாகக் கொடுக்க நினைத்த சல்ஃபா மாத்திரையைப் பற்றியும் பஷீர் கேட்டார். மருந்து என்ற சொல்லை விட்டுவிட்டு, விழுங்கியது, குடித்தது, தடவியது, குத்தியது என்று ஒவ்வொன்றாக, நடுநடுவே லாகி போட்டுக் கேட்டார். விரல்கள் தீர்ந்து மாக் பாக்கியம் மறு கைக்குப் போனார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பல்லை எடுத்து, சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, போவதற்கு முன் பஷீர் அவருக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார்: பென்சிலின் சூசோக் எனக்கு ஆகாது, அது என்னைக் கொல்லும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உட்கார்ந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்றார். அந்த அம்மாள் அதை மந்திரம் மாதிரி உருப்போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். பிறகு எங்கள் வாசல் வழியாகக் குவே கூடையோடு போகும்போதெல்லாம் என்னைப் பார்த்தாலும் அதை ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

டாக்டர் பாராட்டவில்லை. தேர்ச்சி என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் துடையும் என்று என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். பஷீர் சாயங்காலம் வரை சீட்டுப் புத்தகம் இருக்கும் அந்தக் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நடிப்பு நாளன்று டாக்டர் எனக்கு இனிப்பு நீர் வியாதியைக் கொடுத்திருந்தார். சர்க்கரை வியாதியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். நான் நாற்காலியில் ஏறி உட்காரப் போகும் நேரத்தில் நூருதீன் ராவுத்தர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கைலி, தொப்பி. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"டாக்டர், பையன் தேறுறானா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க. கடைக்கு ஆளு வேணும்."

டாக்டர் அவருடைய கன்னத்தைப் பார்த்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, "முதலிலை இதிலை இருங்கோ" என்றார். ராவுத்தர் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். டாக்டர் கை கழுவப் போய்விட்டார். அவர் கழுவி வருவதற்குள் ராவுத்தருக்குத் தைரியம் வந்து, போய், உட்கார்ந்துவிட்டார்.

பஷீர் எதிரே வந்து நின்றார். தகப்பனாரிடம் கேள்வி கேட்பது அந்த வீட்டில் அதுவரை நடக்காத காரியம்.

"அத்தா, தினமும் என்னென்ன உள்ள போகுது?"

"சோறு போகுது. வேற என்ன போகும்?"

"சரி அத்தா. வேற?"

"டீ."

"வேற?"

ராவுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னடா, என்கிட்டயே கடை நடத்துறியா?"

"வேற, அத்தா?"

வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்டவர். அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

"சீனன் மருந்துக் கடையில ஒரு தூளு," என்றார். "இனிப்பு நீருக்கு."

"எப்பலேருந்து?"

"மெர்டேக்காவுக்கு முன்னாலேருந்தே. உங்கம்மாகிட்ட சொல்லிறாதே. அப்புறம் வீட்டுல ஒரு துண்டு டோடோல் இனிப்பு கண்ணுல காட்டமாட்டா."

நான் நடிக்க வேண்டிய வியாதியை அவர் நிஜமாகவே கொண்டு வந்திருந்தார். பஷீர் அசையவில்லை. இரத்தம் எப்போதாவது நிற்காமல் ஓடியிருக்கிறதா, புண் ஆற நாளாகிறதா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேற. சந்தையில் மருந்து விற்கிறவனிடம் பலத்துக்கு என்று வாங்கிய லேகியம் வெளியே வந்தது. மூட்டு வலிக்குப் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த சிவப்பு மாத்திரை வெளியே வந்தது. அது என்ன மாத்திரை என்று அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாதாம்.

டாக்டர் பின்னால் வந்து நின்று பஷீரிடம் கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

பஷீர் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். இன்னும் ஒன்னு இருக்கு."

டாக்டர் கோட்டுப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். எடுத்து பஷீர் கையில் வைத்தார். தன் பேனாவையும் மூடியைத் திருகிக் கழற்றி மேலே வைத்தார். பஷீர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நாற்காலியில் சாய்ந்திருந்த ராவுத்தர் அந்தப் புத்தகத்தையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. கன்னத்தைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"அப்ப கடைக்கு?" என்றார்.

"வேறை ஆளைப் பாருங்கோ," என்றார் டாக்டர்.

ராவுத்தர் வாயை நன்றாகத் திறந்து காட்டினார். நான் போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சாக வேண்டி வரவில்லை.